அரை அடி

கோண்டாவில் கிழக்கில் ஒரு வேலிச் சண்டை.
நாடாவின் ஒரு நுனியை வல்லிபுரநாதர் பிடித்தார்,
மறு நுனியை நான்.
அரை அடி உள்ளே வந்திருந்தது கதியால்.
ஒரே இரவில் இல்லை.
வேலி அடைக்கிற ஒவ்வொரு வருசமும்
விரற்கடை விரற்கடையாய் அரக்கி நட்டது.
கிளுவை துளிர்த்தும் விட்டது.
துளிர்த்த மரத்தோடு ஆர் வழக்காடுவது?
"கண்ணுக்கு முன்னாலதானே நடந்தது,
ஏன் அப்பவே கேக்கேல்லை?"
மனிசன் தலையைச் சொறிந்தார்.
"சின்ன விசயம் எண்டு விட்டிட்டன், பிள்ளை."

அறிக்கை எழுதி முத்திரை குத்தி
ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்தால்
கேற்றடியில் மூன்று சைக்கிள்.

நான் விதானை.
தலை முழுகி ஈரம் சொட்டச் சொட்ட
வதிவிடச் சான்றிதழ்.
புட்டுக்குழலில் ஆவி வரும் நேரம்
நிவாரணப் பட்டியலில் விடுபட்ட பெயர்.
இரவு பதினொன்றரைக்கு வைபரில்
மங்கலாய் ஒரு பிறப்புப் பத்திரம்,
கீழே: "நித்திரையோ?"

முதல் வருசம், பாவம், தோட்டத்தால் களைச்சு வருகினம் என்றேன்.
இரண்டாம் வருசம், நான் புதுசுதானே என்றேன்.
மூன்றாம் வருசம் ஒன்றும் சொல்லவில்லை.

போன ஞாயிறு மத்தியானம்
கேற்றுக் கொழுக்கியை ஆரோ தட்டினார்கள்.
"விதானையம்மா! விதானையம்மா!"
அடுப்பைக் குறைத்து, கையைச் சட்டையில் துடைத்து,
கண்ணாடியைப் போட்டபடி ஓடினேன்.
வெளியே ஆரணி.
ஒன்பது வயது. கையில் கணக்குக் கொப்பி.
"உள்ளுக்கிருந்து மூண்டு தரம் கூப்பிட்டனான், அம்மா."
கோபம் இல்லை அவளுக்கு.
வழி கண்டுபிடித்த கெட்டித்தனம்தான் முகத்தில்.

அன்றைய குழம்புக்கு நான் உப்புப் போடவில்லை.
இவரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை முத்திரையையும் மைப்பெட்டியையும்
அலுவலக அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.
ஆறு வருசம் என் கைப்பைக்குள்
சீப்போடும் பனடோலோடும் கிடந்தவை.
பை பாரமில்லாமல் இருந்தது.
பிள்ளையை பஸ்ஸுக்குள் விட்டிட்டு இறங்கினமாதிரி
சந்தி மட்டும் ஒரு பதைப்பு.

கேற்றில் ஒரு மட்டை கட்டினேன்:
"முத்திரை இங்கே இல்லை.
காலை எட்டரைக்கு அலுவலகத்தில்."
மழை அழித்தது. திரும்ப எழுதினேன்.
சங்கக்கடையில் கதைத்தார்களாம்,
விதானைக்கு இப்ப கொஞ்சம் ஏறிப்போச்சு என்று.

வல்லிபுரநாதரே வந்தார், இரவு ஏழரைக்கு.
மட்டையை டோர்ச் அடித்து வாசித்தார்.
"ஒரு கையெழுத்துத்தானே. சின்ன விசயம், பிள்ளை."
"ஓம். அரை அடிதான்," என்றேன்.
சிரித்தாரோ, செருமினாரோ,
இருட்டில் தெரியவில்லை.
சைக்கிள் திரும்பியது.

புதன் இரவு
பின்வளவு வேலிப் பொட்டுக்குள்ளால் யோகராணி வந்தாள்,
செருப்பில்லாமல்.
"ஐயா மூச்சு விடுறாரில்லை."
போனேன். முத்திரை இல்லை, கண்ணாடியும் இல்லை.
விதானையாய் அல்ல, அயலட்டையாய்ப் போனேன்.
தேத்தண்ணி வைத்துக் கொடுத்து
விடியும் மட்டும் அவள் பக்கத்தில் இருந்தேன்.
பத்திரம் எட்டரைக்கு. அவள்தான் முதல் ஆள்.

எல்லாம் சரிவந்துவிட்டது என்று சொல்லவில்லை.
இப்போதும் குளிர்சாதனப்பெட்டிக்கு மேல்
போன் துடிக்கிறது,
கரைக்கு இழுத்துப் போட்ட மீன் மாதிரி.
இரண்டு தரம் எழும்பப் பார்த்தேன்.
ஒரு தரம் எழும்பியும் விட்டேன்.

ஆரணி கொப்பியைத் தள்ளினாள்.
நீளம் பன்னிரண்டு மீற்றர், அகலம் ஏழு.
தோட்டத்தின் சுற்றளவு காண்க.
பென்சிலைக் கடித்தபடி கேட்டாள்:
"கேற்றுக்கு இடம் விட்டோ, அம்மா, அளக்கிறது?"